ஒப்பிலக்கியத் தாளை எடுக்க வேண்டாம், பக்கத்தில் வைக்கும் நூலை மாற்றுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரித் தமிழ்ப் படிப்பிலிருந்து ஒப்பிலக்கியத் தாளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஊடகத் தமிழ் வைக்கலாம் என்று ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர் தங்கள் ஞாயிறு இதழில் எழுதியிருந்தார். டர்பனில் இருந்துகொண்டு தங்கள் இதழைக் கைப்பேசியில் வாசிக்கிறவள் நான். பேராசிரியர் சொல்லும் காரணம் எனக்குப் புரிகிறது. கம்பனும் மில்டனும், பாரதியும் ஷெல்லியும், சிலம்பும் கிரேக்கத் துன்பியலும் என்று வருஷா வருஷம் ஒரே கட்டுரையைத் திருத்தினால் யாருக்கும் அலுத்துத்தான் போகும். எல்லாக் கட்டுரையும் "இருவரும் மாபெரும் கவிஞர்களே" என்றுதான் முடிகிறது என்று அவர் எழுதிய இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் அதற்காகத் தாளையே எடுப்பானேன்? பக்கத்தில் வைக்கும் நூலை எப்போதாவது மாற்றிப் பார்த்தார்களா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பிறந்தது டர்பன் மேகசின் பாரக்ஸில். அப்பா கார்ப்பரேஷன் தொழிலாளி. தாத்தா அம்மன் கோயில் திருவிழாக்களில் விடிய விடியக் கூத்தாடியவர். (அந்தக் கூத்துக்கு இங்கே 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்று பெயர். ஏன் அப்படி என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.) பிறகு நிறவெறி அரசாங்கம் எங்களையெல்லாம் லாரியில் ஏற்றி, இந்தியருக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்தில் இறக்கியது. தமிழ், சாயங்காலப் பாடசாலையில் கற்றது. 1972இல் டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகம் புது வளாகத்துக்கு வந்தபோது அங்கே சேர்ந்து ஆங்கிலமும் தமிழும் எடுத்துப் படித்தேன். அதன்பின் ஓய்வு பெறும்வரை சாட்ஸ்வொர்த் பள்ளிகளில் ஆங்கில இலக்கியம் சொல்லிக்கொடுத்தேன். என் தமிழில் பிழை இருந்தால் திருத்தி அச்சிடுங்கள். கருத்தைத் திருத்த வேண்டாம்.

என் மகள் வயிற்றுப் பேத்தி இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு இலக்கியம் படிக்கிறாள். அவளுடைய பாடப் பட்டியலில் ஷேக்ஸ்பியர் இருக்கிறார், அவரைச் செத்ஸ்வானா மொழிக்குக் கொண்டுபோன சோல் பிளாட்ஜேயும் இருக்கிறார். நைஜீரிய நாவலாசிரியர் அச்சேபே இருக்கிறார். ஜூலு அரசை நிறுவிய மன்னன் ஷாகாவைப் பற்றிச் சேசோத்தோ மொழியில் தாமஸ் மொஃபோலோ எழுதி 1925இல் வெளியான நாவல் இருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஜூலு மன்னர்களின் புகழ்ப்பாடல்களை வைத்திருக்கிறார்கள். இசிபோங்கோ என்பது அவற்றின் பெயர், பாடுகிறவர் இம்போங்கி. எங்கள் தலைமுறைக்குக் கடையிலும் கரும்புத் தோட்டத்திலும் வேலை நடக்கப் போதுமான ஃபானகலோ என்கிற கலவைப் பேச்சுதான் தெரியும். இவள் பள்ளிக்கூடத்திலேயே முறையாக ஜூலு படித்தவள். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஷாகாவின் இசிபோங்கோவை உரக்க வாசித்தாள். "ஆயா, இதை நிறுத்தி நிறுத்தி வாசிக்கக்கூடாதாம், மூச்சு விடாமல் கொட்டணுமாம்" என்றாள். எனக்குப் பாதிதான் பிடிபட்டது. மீதியை ட்ரெவர் கோப் பதிப்பித்த நூலின் ஆங்கிலத்தில் பார்த்தேன். நாலு பக்கம் போவதற்குள் எழுந்துபோய்ப் புறநானூற்றை எடுத்து வந்துவிட்டேன்.

இம்போங்கியைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1994 மே 10 அன்று மண்டேலா பதவியேற்றதைத் தொலைக்காட்சியில் பார்த்திருந்தால் அவரைப் புகழ்ந்து முழங்கியவர்கள் நினைவிருக்கலாம். தோலாடை, கையில் தடி, ஓரிடத்தில் நில்லாத நடை, தொண்டை கிழியும் வேகம். ஆண்டுதோறும் நாடாளுமன்றம் கூடும்போதும் குடியரசுத் தலைவரை முன்னிட்டு ஒருவர் இப்படி முழங்குவது இன்றும் வழக்கம். ஜூலு மக்கள் கூடிய இடத்தில் கேட்கிறவர்களும் சும்மா நிற்பதில்லை, "முஷோ!" என்று கூவி ஏற்றிவிடுகிறார்கள். மன்னருக்கு மட்டும் உரிய சொத்தும் அல்ல இது. சாதாரண ஆணுக்கும் பெண்ணுக்கும், பேர்பெற்ற மாட்டுக்கும்கூட இசிபோங்கோ உண்டு. தலைவனைப் புகழும் பாடாண் திணை என்று துறை துறையாகப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்த நமக்கு, அது வியர்வை சொட்டச் சொட்ட எப்படி இருந்திருக்கும் என்று காட்ட உலகத்தில் மிச்சமிருக்கிற சில இடங்களில் எங்கள் மாகாணமும் ஒன்று.

இனி பாடல்கள். ஷாகாவை இம்போங்கி 'கூர்மையில் மற்ற மண்வெட்டிகளை மிஞ்சிய மண்வெட்டி' என்கிறான். (டர்பனுக்கு வடக்கே ஷாகா கொல்லப்பட்ட ஊர் இருக்கும் மாவட்டத்துக்கே இன்று அந்த மண்வெட்டிதான் பெயர்.) புறம் 87இல் ஔவையார் அதியமானை எப்படிச் சொல்கிறார்? ஒரு நாளில் எட்டுத் தேர் செய்யும் தச்சன் ஒரு மாதம் முயன்று செய்த ஒற்றைச் சக்கரம் போன்றவன் என்கிறார். சிங்கம் புலி யானை என்று எல்லா நாட்டுப் புகழ்ப்பாட்டிலும் வரும். ஆனால் பட்டறையில் கிடக்கும் பொருளை எடுத்து அரசனுக்கு உவமையாக வைக்க ஒரு துணிச்சல் வேண்டும், கேட்கிற அரசனும் அந்தப் பட்டறைக்குப் பக்கத்தில் வாழ்கிறவனாக இருக்க வேண்டும். மில்டன் பக்கத்தில் வைத்துப் படித்தபோது 87ஆம் பாட்டு எனக்கு ஓர் அழகான உவமை, அவ்வளவுதான். ஷாகாவின் பக்கத்தில் வைத்தபோதுதான் அந்தச் சின்ன ஊர், அந்தச் சின்ன அரசு, தச்சனும் வேந்தனும் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லி அறிந்த அந்த வாழ்க்கை கண்ணில் பட்டது.

ஷாகா காய்ந்த புல்லில் பற்றிய காட்டுத்தீ என்றும் வருகிறான். குன்றின் மேலிருந்த ஆந்தைகளைக்கூட அது எரிக்கிறது. தொல்காப்பியர் பகைநாட்டின்மேல் படையெடுக்கும் வஞ்சித் திணையின் துறைகளில் 'எரிபரந்து எடுத்தல்' என்று ஒன்றை வைத்ததை எங்கள் வகுப்பில் ஒரே வரியில் கடந்துபோனோம். கோடை முடிந்து குளிர்காலத்தில் இங்கே மலைச்சரிவுகளில் புல் எரிவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தத் துறைக்கு உரை தேவையே இல்லை. வெட்சியும் அப்படித்தான். ஆநிரை கவர்வதில் என்ன வீரம் என்று தமிழ்நாட்டு மாணவர் கேட்கக்கூடும். மாடுதான் செல்வம், மாடுதான் பெண்ணுக்குக் கொடுக்கும் பரிசம் என்று இருக்கிற ஊரில் அந்தக் கேள்வி எழாது.

என்னை அதிகம் பிடித்துக்கொண்டது வேறொன்று. இந்தப் பாடல்கள் வெறும் துதி என்றுதான் நினைத்திருந்தேன். ஷாகாவின் இசிபோங்கோவில் ஓரிடத்தில், ஸ்விடே என்ற பகையரசனை வீடற்றவனாக அலையவிட்ட பிறகு, 'போதும், காரியம் முடிந்தது, திரும்பி வா' என்று இம்போங்கி மன்னனையே கூப்பிடுகிறான். கூப்பிடும் பெயரும் 'ஏய்ப்பவனே' என்பது! புகழ்கிறேன் என்ற பெயரில் இழுத்துப் பிடிக்கிற கை அது. உடனே எனக்குக் கோவூர்கிழார் நினைவு வந்தது. மலையமானின் பிள்ளைகளை யானைக்காலில் இடக் கிள்ளிவளவன் நிறுத்தியிருக்கிறான். புலவர் குறுக்கே நின்று, புறாவுக்காகத் துன்பப்பட்டவன் வழியில் வந்தவன் நீ, இவர்கள் அறிவை உழுது உண்ணும் புலவரின் வறுமைக்கு அஞ்சித் தம்மிடம் உள்ளதைப் பகிர்ந்து உண்டவர் மரபு, இதோ இந்தச் சிறுவர்கள் யானையைக் கண்டு அழுகையை மறந்து மன்றத்தைப் பார்த்து மிரண்டு நிற்கிறார்கள் என்று சொல்லி, கடைசியில், கேட்டுவிட்டாய் அல்லவா, இனி உனக்கு வேண்டியதைச் செய் என்று விட்டுவிடுகிறார். புறம் 46. கெஞ்சலும் இல்லை, மிரட்டலும் இல்லை. புகழ் பாடும் வாய்க்கு அரசனைத் தடுக்கும் உரிமை எங்கிருந்து வந்தது என்பது ஒரு பருவம் முழுக்க வகுப்பில் பேசக்கூடிய கேள்வி. மில்டனை வைத்து அதைக் கேட்க முடியாது.

வேறுபாடுகளை விட்டுவிட்டால் மறுபடியும் 'இருவரும் மாபெரும்' கட்டுரைதான் வரும். இசிபோங்கோ புகழ்ப்பெயர்களின் அடுக்கு. வென்ற இடம், வீழ்த்திய ஆள் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து வளர்ந்துகொண்டே போகும், பாடுகிறவன் முன்பின்னாக மாற்றியும் பாடுவான். ஷாகாவுக்கும் அவன் தம்பி டிங்கானேவுக்கும் பாடிய மகோல்வானே போன்றவர்களின் பெயர் நினைவில் நின்றாலும், ஒரு வரியைக் காட்டி இது இன்னாருடையது என்று சொல்வது கடினம். புறப்பாட்டோ ஒரே காட்சி, ஒரே மூச்சு, அடியில் பாடியவர் பெயரும் பாடப்பட்டவர் பெயரும் திணையும் துறையும். அந்தக் குறிப்புகளைப் பிற்பாடு தொகுத்தவர்கள் சேர்த்தார்கள் என்பதையும் மாணவருக்குச் சொல்ல வேண்டும். இன்னொன்று: இம்போங்கி பெரும்பாலும் ஒரு மன்னனின் ஆள். நம் புலவர்களுக்குக் கால் இருந்தது. அதியமான் வாயிற்காவலனிடம் ஔவையார் 'எத்திசைச் செலினும் அத்திசைச் சோறே' என்று சொல்லிவிட்டுக் கிளம்பத் தயாராகிறாரே, அந்தச் செருக்கு இசிபோங்கோவில் எனக்குத் தட்டுப்படவில்லை. ஒருவேளை அதனால்தான் புறநானூற்றில் அங்கதம் அவ்வளவு நுணுக்கமாக இருக்கிறது. 95ஆம் பாட்டில், உன் வேல்கள் பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசி அரண்மனையில் அழகாக இருக்கின்றன, அதியமானுடையவையோ முனை முறிந்து எப்போதும் கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்று தொண்டைமானிடம் ஔவையார் சொல்கிறார். வேறு ஊர் போக வழி தெரிந்தவர் பேசும் பேச்சு அது.

இதையெல்லாம் ஏன் எங்களுக்கு 1972இல் யாரும் சொல்லவில்லை என்று பேத்தி கேட்டாள். பதில் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. 1959இல் வந்த பல்கலைக்கழகக் கல்வி விரிவாக்கச் சட்டம் என்ற அழகான பெயருள்ள சட்டம்தான் இனத்துக்கொரு கல்லூரி என்று பிரித்தது. ஜூலு மாணவருக்கு 1960இல் வடக்கே ஜூலுலாந்தில் ஒரு கல்லூரி. இந்தியருக்கு 1961இல் துறைமுகத்துக்குள் இருந்த சாலிஸ்பரி தீவில் ஒன்று, அதுதான் பிறகு வெஸ்ட்வில் ஆனது. எங்களிடம் புறநானூறு, அவர்களிடம் இசிபோங்கோ, நடுவில் ஒரு அரசாங்கம்.

ஒரு தகவலைப் பேராசிரியருக்காகவே எழுதுகிறேன். இலங்கைத் திறனாய்வாளர் கைலாசபதி அவர்கள் சங்கப் பாடல்களைக் கிரேக்க, ஐரிஷ், வெல்ஷ் வீரப் பாடல்களோடு ஒப்பிட்டு எழுதிய ஆங்கில நூல் 1968இல் ஆக்ஸ்ஃபோர்டு கிளாரண்டன் அச்சகத்தில் வெளிவந்தது. நான் முன்னே சொன்ன ட்ரெவர் கோப்பின் ஜூலு நூலும் 1968தான், அதே கிளாரண்டன் அச்சகம்தான். கோப் ஜூலு கற்பித்த நேட்டால் பல்கலைக்கழகம் எங்கள் வெஸ்ட்வில் வளாகத்திலிருந்து பத்து மைல்கூட இல்லை. நூலகத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தால் போதும், தாளுக்கான பாடத்திட்டம் தானாக வந்திருக்கும்.

இன்னும் கொஞ்சம் பின்னே போகலாம். உ.வே.சா. புறநானூற்றை அச்சிட்டது 1894. ஜேம்ஸ் ஸ்டூவர்ட் என்ற நேட்டால் நீதிபதி முதியவர்களை உட்காரவைத்து ஜூலு வரலாற்றையும் பாடல்களையும் கேட்டு எழுதத் தொடங்கியது 1897 வாக்கில், அது 1922 வரை நடந்தது. அந்தத் தாள்கள் டர்பனில் பெரியா குன்றில் உள்ள கில்லி கேம்ப்பெல் நூலகத்தில் இருக்கின்றன. ஒருவர் சுவடி தேடி வீடு வீடாகப் போன தமிழர், மற்றவர் ஆட்சியாளர் தரப்பு ஆள். சேகரித்தவர் யார், அவரிடம் எதைச் சொன்னார்கள், எதை மறைத்திருப்பார்கள் என்று ஸ்டூவர்ட்டைப் பற்றி இங்கே மாணவர்கள் கேட்கிறார்கள். எட்டுத்தொகையைத் தொகுத்தவர்களையும் தொகுப்பித்தவர்களையும் பற்றி நம் வகுப்பில் அப்படி யாராவது கேட்கிறார்களா?

எதிரில் ஒரு குழி இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். டர்பனில் தமிழ் விழா என்றால் மேடையேறும் யாராவது ஒருவர் தமிழ்தான் உலகின் முதல் மொழி, எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது என்று பேசாமல் இறங்கமாட்டார். அந்த ஆள் கையில் இந்தத் தாள் கிடைத்தால், ஜூலுக்காரருக்கு ஷாகா அரசேறிய 1816இல் கிடைத்தது நமக்கு இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே கிடைத்தது என்று எழுதிவிடுவார். வ.வே.சு. ஐயர் ஹோமரையும் மில்டனையும்விடக் கம்பனை உயர்த்திப் பேசியதற்கு அவர் காலத்தில் நியாயம் இருந்தது. தலைமேல் உட்கார்ந்திருந்தவனுக்குச் சொன்ன பதில் அது. எங்களுக்கு யாருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது? இந்த நகரத்தில் 1949 ஜனவரியிலும் 2021 ஜூலையிலும் இந்தியருக்கும் ஆப்பிரிக்கருக்கும் நடுவில் மூண்ட கலவரத்தில் என்ன நடந்தது என்று தெரிந்த எவரும் ஜூலுக் கவிதையை மட்டம் தட்டும் கட்டுரைக்கு மார்க் போடமாட்டார். ஒரு பாடத்தாள் அந்தப் புண்ணை ஆற்றிவிடும் என்றும் நான் சொல்லவில்லை.

மதுரைப் பையனுக்கு அயல்நாட்டுப் பழம்பாட்டு சோறு போடுமா என்று பேராசிரியர் கேட்டிருக்கிறார். ஊடகத் தமிழ் போடுகிற சோற்றின் அளவு எனக்குத் தெரியாததால் அந்தப் போட்டிக்குள் போகவில்லை. ஆனால் அயல் இலக்கியத்தால் ஒருவனுக்கு என்ன பயன் என்பதற்கு எங்கள் ஊரிலேயே சாட்சி உண்டு. டர்பன் இந்தியரான சோனி வெங்கடரத்னம் 1970களில் ராபன் தீவுச் சிறையில் இருந்தபோது ஷேக்ஸ்பியர் முழுத் தொகுப்பின் அட்டையில் தீபாவளி வாழ்த்து அட்டைகளை ஒட்டி, சாமிப் புத்தகம் என்று காவலரிடம் சொல்லி வைத்திருந்தார். அது கைமாறிக் கைமாறிப் போனது. முப்பதுக்கும் மேற்பட்ட கைதிகள் தமக்குப் பிடித்த வரிக்குப் பக்கத்தில் கையெழுத்திட்டார்கள். மண்டேலா ஜூலியஸ் சீசரில் இட்டார், அதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு மண்டேலாவின் தோழர் வால்டர் சிசுலு தேர்ந்தெடுத்ததுதான் பெரிதாகப் படுகிறது: அவமானத்தையெல்லாம் பொறுமையாகத் தோளைக் குலுக்கிச் சுமந்தேன் என்று வெனிஸ் நகரத்து யூதன் ஷைலாக் பேசும் இடம். இங்கிலாந்துக்காரர் எழுதிய யூதனின் பேச்சு, இந்தியரின் புத்தகத்தில், கோசா இனத்தவர் ஒருவருக்குத் தன் பேச்சாகப் பட்டது. சாட்ஸ்வொர்த்தில் நான் அந்த நாடகத்தைப் பாடமாக எடுத்தபோதெல்லாம் இதைச் சொல்லாமல் விட்டதில்லை. அதற்கப்புறம் வகுப்பில் ஷைலாக்கைப் பார்த்து யாரும் சிரிக்கமாட்டார்கள்.

பாரதியை ஷெல்லியோடு வைத்து அலுத்துப்போயிருந்தால் அதற்கும் மாற்று சொல்கிறேன். ஷெல்லிதாசன் என்று புனைபெயர் வைத்துக்கொண்டவர் பாரதி. அதே ஆங்கில ரொமாண்டிக் கவிஞர்களை வாசித்து, அவர்களுடைய யாப்பையும் எதுகையையும் ஜூலுவில் ஓட்டிப் பார்த்தவர் பி. டபிள்யூ. விலக்காசி. 1906இல் பிறந்தவர், 1935இல் முதல் கவிதை நூல், 1947இல் காலமானார். வெள்ளைக்காரன் மொழியிலிருந்து எதை எடுத்தார்கள், எதைத் தூக்கிப் போட்டார்கள் என்று இருவரையும் பக்கத்தில் வைத்துக் கேட்கலாம். விலக்காசியின் தங்கச் சுரங்கக் கவிதையில் தொழிலாளி இரைகிற எந்திரங்களைப் பார்த்துப் பேசுகிறான், அவன் பேச்சைக் கேட்க வேறு யாருமில்லை. பாரதியின் 'கரும்புத் தோட்டத்திலே' பாட்டில் பிஜித் தீவுப் பெண்களின் அழுகையைக் காற்றிடம் கேட்கிறார். 1860 நவம்பர் 16இல் ட்ரூரோ கப்பலில் வந்திறங்கிய முதல் கூட்டத்தைத் தொடர்ந்து இதே கரும்பு வெட்ட வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். சுரங்கத்துக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று என் பேத்தியோடு ஒரே பெஞ்சில் இருக்கிறார்கள். அவள் படிக்கிற இடத்தில் பாரதியின் பெயர்கூட இல்லை, தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் விலக்காசியைத் தேடினால் கிடைப்பாரா என்பதைப் பேராசிரியர்தான் சொல்ல வேண்டும்.

மொழிபெயர்ப்பு இல்லையே என்பார்கள். உண்மைதான், ஆங்கிலத்தின் வழியாக வந்தால் அந்த மூச்சு பாதி போய்விடும். ஜூலுவிலிருந்து நேராகத் தமிழுக்கு வர வேண்டும். என் பேத்தியும், ஓய்வு பெற்ற ஜூலு ஆசிரியை ஒருவரும், நானும் ஷாகாவின் இசிபோங்கோவில் கொஞ்சம் செய்து வைத்திருக்கிறோம். அகவலுக்கு அது ஒத்துவரவில்லை, அந்த அடுக்கைத் தாங்க என் தாத்தாவின் கூத்து விருத்தம்தான் சரிப்பட்டது.

பாடத்திட்டக் குழுவில் யாராவது இதைப் படித்து, எந்தப் பாடல்கள் என்று கேட்டால்: ஜூலுவிலிருந்து ஷாகாவின் தந்தை சென்சாங்ககோனா, ஷாகா, டிங்கானே மூவரின் இசிபோங்கோ, கூடவே ஒரு சாதாரணப் பெண்ணுடையது ஒன்று. புறத்திலிருந்து 46, 87, 95, 206. தேர்வில் ஒன்றாவது வாய்விட்டுப் பாடிக் காட்டும் தேர்வாக இருக்கட்டும். 192 மட்டும் வேண்டாம். யாதும் ஊரேயைச் சுவரொட்டியில் வேண்டிய மட்டும் படித்தாயிற்று.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியை,
சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா